நூறாண்டு காணாத மழையா?

சென்னையில் வெள்ளம் வடியத் தொடங்கியதும் மைக் முன்னால் தவறாமல் ஒலிக்கும் வாசகம் ஒன்று உண்டு: "இது நூறாண்டு காணாத மழை." 2015இல் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தது. 2023இல் மிக்ஜாம் புயல் கடந்தபோது கணக்கு "47 ஆண்டுகளில் இல்லாத மழை" என்று மாறியது. எண் மாறினாலும் சொல்லவந்த சேதி மாறவில்லை: யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது, இனி இப்போதைக்கு வராது.

அதிகாரிகள் சொல்வதை வீட்டுத் தரகர் பிடித்துக்கொள்கிறார். அவரிடமிருந்து வீடு வாங்குகிறவர் பிடித்துக்கொள்கிறார். வர வேண்டியது வந்து போய்விட்டது, இனி நிலத்தின் பூர்வீகத்தைத் துருவ வேண்டாம், காப்பீட்டுக்குக் காசு கட்ட வேண்டாம் என்று முடிவாகிவிடுகிறது. எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு இந்த ஒரு வாசகத்தை நம்பித்தான் தரைத்தளத்தில் கிடக்கிறது.

முதலில் மழைப் பதிவேட்டைப் பார்க்கலாம். 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் பதிவானது சுமார் 29 செ.மீ. டிசம்பர் மாதத்து ஒருநாள் மழை என்ற அளவில் அது 1901ஆம் ஆண்டின் பதிவை முறியடித்தது. "நூறாண்டு" பிறந்தது அங்கேதான். ஆனால் அதே நுங்கம்பாக்கத்தில் 1976 நவம்பர் 25 அன்று 45 செ.மீ. கொட்டியிருக்கிறது. முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே ஊர் கண்ட மழையை நூறாண்டு காணாதது என்பது எப்படி? நவம்பர் மொத்த மழையை எடுத்தாலும் 2015ஐ விட 1918இல் அதிகம். 2015இல் அதே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது உண்மை. ஆனால் தாம்பரத்து மழையையும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் திறந்துவிட்ட நீரையும் ஒன்றாகச் சேர்த்து வானத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றே சொன்னது.

1943, 1976, 1985, 1996, 2005, 2008, 2015, 2021, 2023. இவை சென்னையில் தண்ணீர் புகுந்த ஆண்டுகளில் சில. அறுபது வயதுக்காரர் ஒருவர் தன் வாழ்நாளிலேயே இதில் பெரும்பாலானவற்றைப் பார்த்திருப்பார்.

நிபுணர்கள் சொல்லும் நூறாண்டு வெள்ளம் வேறு. ஒவ்வோர் ஆண்டும் அது நேர நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதுதான் அதன் பொருள். போன வருஷம் வந்ததால் இந்த வருஷம் வாய்ப்பு குறைவதில்லை. முப்பது ஆண்டு ஒரே வீட்டில் இருப்பவருக்கு அது ஒருமுறையாவது வர ஏறத்தாழ 26 சதவீத வாய்ப்பு உண்டு. வீட்டுக் கடனை அடைத்து முடிப்பதற்குள் நால்வரில் ஒருவர் வீட்டில் தண்ணீர். அதுவும் பழைய மழைக் கணக்கு மாறாமல் நீடித்தால்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய பிறகு, பழைய கணக்கை நம்பி உட்கார்ந்திருக்க முடியுமா?

அடுத்தது, எல்லோர் வாயிலும் வரும் பதில்: "2015லயே எங்க தெருவுல தண்ணி நிக்கல." இந்த ஒரு வரியை நம்பி வீடு வாங்கியவர்கள் ஏராளம். ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இரண்டு வெள்ளம் ஒரே வழியில் வருவதில்லை. 2015இல் பெரும் சேதம் செய்தது கரை புரண்ட அடையாறு. கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை, முடிச்சூர் மூழ்கின. அந்த ஆற்றுக்குத் தள்ளி இருந்ததால் தப்பிய தெருவுக்கு, அடுத்த முறை ஆறு தேவையே இல்லை. வடிய வழியில்லாமல் தேங்கும் மழைநீரே போதும். 2023இல் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் படகு ஓடியது. பல ஏரிகளின் உபரிநீரை வாங்கி மெல்லக் கடலுக்கு அனுப்பிய சதுப்பு நிலம் பள்ளிக்கரணை. குப்பைக் கிடங்கும் சாலைகளும் கட்டடங்களும் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. மிச்சமிருப்பதற்கு 2022இல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. விழுங்கிய பகுதிக்கு வர வேண்டிய தண்ணீர் மட்டும் வருவதை நிறுத்தவில்லை.

இன்னொன்று, தெரு அப்படியே இருப்பதில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போடுவது இங்கே நெடுநாள் வழக்கம். ஒவ்வொரு முறையும் சாலை சில அங்குலம் ஏறுகிறது. முப்பது ஆண்டுக்கு முன் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று இரண்டு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. கேட்டைத் திறந்தால் அடிப்பக்கம் சாலையில் உரசும். மழைநீர் வாசல் வழியாக வருவதற்கு முன்பே கழிப்பறைக் கோப்பை வழியாக எதிர்த்து வரும். சம்ப்பில் சாக்கடை கலக்கும். பழைய சாலையைச் சுரண்டிவிட்டே புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட வேண்டியிருந்தது. அதற்குள் பல குடும்பங்கள் லட்சக்கணக்கில் செலவழித்து, சுவருக்கடியில் வரிசையாக ஜாக்கி வைத்து, வீட்டையே மூன்று நான்கு அடி உயர்த்திக்கொண்டன. தண்ணீர் வராத தெரு என்று சொல்லித்தான் அவர்களுக்கும் விற்றார்கள். பக்கத்து வீடு உயர்ந்ததும், உயர்த்த வசதியில்லாத வீடு இன்னும் பள்ளத்துக்குள் போகிறது.

அரசு நிவாரணம் கிடைக்கும் என்பவர்களுக்கு: 2023இல் கிடைத்தது குடும்பத்துக்கு 6,000 ரூபாய். நனைந்த ஃபிரிட்ஜுக்கே போதாது.

"லோனோட இன்சூரன்ஸ் இருக்கு சார்" என்பவர்கள் பாலிசியை எடுத்துப் படிக்க வேண்டும். பெரும்பாலும் அது கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு. சுவர் விழுந்தால் அது பேசாது.

"ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு பிரீமியம் யார் கட்டுவது?" என்பதும் கணக்குப் பிழைதான். காப்பீடு மனைக்கு இல்லை, கட்டடத்துக்கு. ஆயிரம் சதுர அடி வீட்டைத் திரும்பக் கட்டச் சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் காப்பீட்டுத் தொகை 25 லட்சம்தான். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் வெள்ளமும் புயலும் அடக்கம். கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம், வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே உண்டு. முன்பெல்லாம் பாதித் தொகைக்குக் காப்பீடு செய்தவருக்கு இழப்பிலும் பாதிதான் கிடைக்கும். அந்த வெட்டு இதில் இல்லை. மூன்றாம் மாடிக்காரருக்கும் காப்பீடு தேவை. லிஃப்ட் மோட்டார், சம்ப், மின்பெட்டி எல்லாம் கீழேதானே இருக்கின்றன? அவற்றைக் குடியிருப்போர் சங்கம் தனியாகக் காப்பீடு செய்ய வேண்டும்.

கம்பெனிக்காரன் பணம் தரமாட்டான் என்பது கடைசி வாதம். 2015 வெள்ளத்தில் 200 கோடி டாலருக்கு மேல் இழப்பு, அதில் காப்பீடு ஈடுகட்டியது ஏறத்தாழ 75 கோடி டாலர் என்று ஸ்விஸ் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனம் கணித்தது. அதில் பெரும்பங்கு வணிக நிறுவனங்களுக்குப் போனது. பாலிசி வைத்திருந்தவர்கள் அவர்கள். வீட்டுக்காரர்கள் தோற்கும் இடம் பெரும்பாலும் வேறு. சர்வேயர் வருவதற்குள் சேற்றைக் கழுவி, நனைந்த மெத்தையைக் குப்பை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை ஒரு படம்கூட எடுத்திருக்க மாட்டார்கள். ரசீதும் பத்திரமும் பீரோவின் கீழ்த்தட்டில் ஊறிப் போயிருக்கும்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் வில்லங்கச் சான்றோடு நின்றுவிடுகிறார்கள். பழைய கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் கேட்டு வாங்கி, அந்தச் சர்வே எண் ஏரியா, வாய்க்காலா, நஞ்சையா என்று பார்க்க வேண்டும். தெருமுனை டீக்கடையில் 2015லும் 2023லும் தண்ணீர் எதுவரை நின்றது என்று தனித்தனியாக விசாரிக்க வேண்டும். ஒவ்வொரு தெருவின் வெள்ள மட்டத்தையும் சர்வே எண்ணோடு சேர்த்து வெளியிட்டு, பத்திரப் பதிவின்போதே வாங்குபவர் கையில் கொடுக்க அரசால் முடியும். அதைத்தான் மைக் முன்னால் நிற்பவர்களிடம் கேட்க வேண்டும்.