பேசாத பெல்ட்

போன வாரம் அரியர் பத்திப் புலம்பினேன். இந்த வாரம் எங்க வீட்டு காரைப் பத்திக் கொஞ்சம் புலம்பிக்கிறேன். கடைசியில என்னைப் பத்தியும்!

எங்க வண்டி காலேஜ் கேட்டுக்கு வர்றதுக்கு அரை கிலோமீட்டர் முன்னாடியே கேன்டீன்ல இருக்குற பசங்களுக்குத் தெரிஞ்சுடும். ‘டேய், உன் டிராக்டர் வருதுடா!’ 2006 மாடல் டாடா இண்டிகா வி2, டீசல். நான் பிறந்ததும் அதே வருஷம்தான். அதனால அம்மாவுக்கு நாங்க ரெண்டு பேருமே பசங்க. ‘மூத்தவன் சம்பாதிக்கிறான், சின்னவன் செலவு பண்றான்’னு சொல்லுவாங்க. மூத்தவன் யாருன்னு நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க!

எங்க ஊரு சென்னிமலை. அப்பாவுக்குக் கைத்தறி பெட்ஷீட் வியாபாரம். காலையில பின் சீட்டை மடிச்சு பெட்ஷீட் கட்டுகளை ஏத்துவார். போற வழியில பெருந்துறை பக்கம் என்னை இறக்கி விட்டுட்டு ஈரோடு போயிடுவார். போக வர தினமும் 60 கிலோமீட்டருக்கு குறையாது. ‘வித்துட்டுப் புதுசு வாங்கலாமே’ன்னு சொந்தக்காரங்க கேட்பாங்க. புதுசு வாங்கினா மாசத் தவணை யார் கட்டுறது? நம்ம வண்டி லிட்டருக்கு இன்னமும் 17 குடுக்குது. பேச்சு அதோட முடிஞ்சது.

மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற எனக்கு இந்த வண்டிதான் முதல் லேப். டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை மட்டும் இழுத்து, இருபதுல ஒரு பங்கு இடத்துக்குள்ள நசுக்கும். அந்த நசுக்கல்லயே காத்து 500 டிகிரிக்கு மேல சூடாயிடும். அதுல டீசலைத் தெளிச்சா தானாப் பத்திக்கும். இதுதான் தியரி. மார்கழி மாசக் காலையில அப்பா சாவியைத் திருப்பி, டாஷ்போர்டுல சுருள் மாதிரி எரியுற மஞ்ச விளக்கு அணையுற வரைக்கும் பொறுமையா உட்கார்ந்திருப்பார். அதான் பிராக்டிகல். ஹீட்டர் பிளக் சூடாகி முடிஞ்சப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணணும். அவசரப்பட்டா பேட்டரிதான் காலி.

பழைய டீசல் வண்டியில ஒரு நல்ல குணம் உண்டு பாஸ். உடம்புக்கு முடியலைன்னா வாயைத் திறந்து சொல்லிடும். புகை கறுப்பா வந்தா, டீசல் அதிகம், காத்து பத்தலைன்னு அர்த்தம். முதல்ல ஏர் ஃபில்டரைக் கழட்டிப் பாருங்க. நீலமா வந்தா இன்ஜின் ஆயில் எரியுது. சூடான பிறகும் வெள்ளையா வந்துட்டே இருந்தா இன்ஜெக்டர்ல கோளாறு இருக்கலாம், இல்லைன்னா கூலன்ட் உள்ளே கசியலாம். வண்டி திணறி இழுத்தா டீசல் ஃபில்டர்ல தண்ணி சேர்ந்திருக்கும். அடியில இருக்குற திருகைத் தளர்த்தி வடிச்சு விடணும். டேங்க் சுத்தமா காலியாகுற வரைக்கும் ஓட்டவே கூடாது. லைன்ல ஏர் பிடிச்சுக்கும். அப்புறம் ரோட்டோரம் நின்னு கையால பம்ப் அடிச்சு ஏர் எடுக்கணும். (ஒரு தடவை வெள்ளைச் சட்டையோட செஞ்சிருக்கேன். அந்தச் சட்டை இப்போ வண்டி துடைக்கிற துணி!)

ஆனா வாயே திறக்காத ஒரு பார்ட்டும் உள்ளே உண்டு. டைமிங் பெல்ட். கீழே கிராங்க் சுத்துற வேகத்துக்குத் தகுந்த மாதிரி மேலே கேம்ஷாஃப்ட்டைச் சுத்த வைக்கிற ரப்பர் பெல்ட். எப்போ வால்வு திறக்கணும், எப்போ மூடணும்னு கணக்கு வைக்கிறது அதுதான். புகை கிடையாது, சத்தம் கிடையாது, இழுவையும் குறையாது. அறுந்து போற நிமிஷம் வரைக்கும் ‘நல்லா இருக்கேன்’னே சொல்லிட்டு ஓடும். அதனால அதைக் காதால கண்டுபிடிக்க முடியாது. நோட்டுல எழுதி வெச்சு, கிலோமீட்டர் கணக்குலதான் மாத்தணும். எங்க மெக்கானிக் அண்ணா கணக்கு 60,000. ஓடாம நின்னாலும் ரப்பருக்கு வயசாகும்கிறதால வருஷக் கணக்கும் உண்டு.

போன வருஷம் புரட்டாசியில அப்பா நோட்டைப் பார்த்துட்டு, ‘கண்ணு, பெல்ட்டுக்கு டைம் ஆச்சு. 3,500 ஆகுமாமா’ன்னார். அந்த மாசம்தான் எங்க கிளாஸ்ல பெங்களூருக்கு ஐ.வி. பணம் கட்டக் கடைசி நாள், அதே வாரம். நான் இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் இல்லையா! பானெட்டைத் திறந்து, காதை வெச்சுக் கேட்டு, ‘சவுண்டு சூப்பரா இருக்குங்கப்பா. அடுத்த மாசம் மாத்திக்கலாம்’னு தீர்ப்பு சொன்னேன். ஐ.வி.க்குப் போயிட்டு வந்தேன். போட்டோவெல்லாம் நல்லா வந்துச்சு.

தீபாவளிக்கு முந்தின கடைசி ஜவுளிச் சந்தை. ஈரோட்டுல திங்கட்கிழமை ராத்திரியே வெளியூர் வியாபாரிகள் வந்து மொத்தமா எடுத்துட்டுப் போயிடுவாங்க. அப்பாவுக்கு வருஷத்துலயே பெரிய வியாபாரம் அந்த ஒரு ராத்திரிதான். ஒத்தாசைக்கு நானும் வண்டியில இருந்தேன். பெருந்துறையைத் தாண்டி நாலஞ்சு கிலோமீட்டர்தான் இருக்கும். ‘டப்’னு ஒரு சத்தம். அவ்வளவுதான். 20 வருஷமா கடமுடன்னு கத்தின வண்டி, சத்தமே இல்லாம உருண்டு போய் நின்னுச்சு. அந்த அமைதி எனக்கு இப்பவும் மறக்கலை.

டீசல் இன்ஜின்ல பிஸ்டன் மேலே ஏறி நிக்கும்போது வால்வுக்கும் அதுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி ரொம்பக் கொஞ்சம். அந்த அளவுக்கு நசுக்கினாத்தானே டீசல் பத்தும்? பெல்ட் அறுந்ததும் திறந்த வால்வு அப்படியே நிக்குது, பிஸ்டன் வந்து இடிக்குது. இது எங்க செமஸ்டர்ல ரெண்டு மார்க் கேள்வி. நான் சரியா எழுதி மார்க் வாங்கினது!

குட்டியானை ஒண்ணு கிடைச்சு, கட்டுகளை மாத்தி ஏத்தி, சந்தைக்குப் போறப்ப மணி பதினொண்ணு. பாதி வியாபாரிகள் கிளம்பியாச்சு. கொண்டு போனதுல பாதிக்கு மேல திரும்ப வீட்டுக்கே வந்துச்சு. ரோட்டோரம் நின்ன அந்த ரெண்டு மணி நேரத்துல அப்பா என்கிட்ட கேட்டது ஒரே கேள்விதான். ‘ஏங் கண்ணு, பசிக்குதா?’

மறுநாள் பட்டறையில ஹெட்டைக் கழட்டினாங்க. எட்டு வால்வுல ஆறு வளைஞ்சிருந்துச்சு. லேத் வேலை, கேஸ்கட், கூலி எல்லாம் சேர்த்து 26,000 ரூபாய். மெக்கானிக் அண்ணா அப்பாவைப் பார்த்து, ‘ஏனுங்ணா, நான்தான் அப்பவே சொன்னேனுங்களே?’ன்னார். அப்பா, ‘எந்தப்புதானுங்க. நாந்தான் தள்ளிப் போட்டுட்டேன்’னு சொன்னார். நான் பக்கத்துலதான் நின்னேன். வாய் திறக்கலை. வண்டியில அந்த பெல்ட் எப்படியோ, எங்க வீட்ல அப்பா அப்படி.

ராத்திரி வீட்டுக்கு வந்து சொல்லிட்டேன். ‘எனக்குத் தெரியும்டா’ன்னு சொல்லிட்டு நோட்டை என் கையில குடுத்துட்டார். அன்னையிலேர்ந்து அந்த நோட்டு என் பொறுப்பு. முதல் பக்கத்துல பெல்ட் மாத்தின தேதி, கிலோமீட்டர், அடுத்து எப்போ. அப்புறம் ஆயில், ஃபில்டர், கூலன்ட், பேட்டரி.

இப்போ வண்டிக்கு அடுத்த பரீட்சை. தனியார் காருக்கு 15 வருஷம் முடிஞ்சா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டி, 5 வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கணும். 2021-ல நாங்க புதுப்பிச்சப்ப கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல்ல அது 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல, 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000 ஆக்கிட்டாங்க. பசுமை வரி தனி. கோபம் வருதுதான். ஆனா அவங்க பக்கம் நியாயமே இல்லைன்னும் சொல்ல மாட்டேன். எங்க வண்டி பி.எஸ்.2 காலத்துது. அப்போ டீசல் காருக்கு அனுமதிச்ச புகைத்துகள் கிலோமீட்டருக்கு 0.08 கிராம். இன்னைக்கு பி.எஸ்.6-ல 0.0045. கிட்டத்தட்ட 18 மடங்கு வித்தியாசம். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஆராய்ச்சி அமைப்பு 2012-லயே அறிவிச்சாச்சு. பின்னாடி பைக்ல வர்றவன் என் கிளாஸ்மேட்டா இருக்கலாம். அதனால வண்டியை வெச்சுக்கறதுன்னா ஒரு ரூல் போட்டிருக்கோம். கறுப்புப் புகை தெரிஞ்சா அன்னைக்கே பட்டறை. ‘அடுத்த மாசம்’ கிடையாது.

10,000-ல பாதி என் பங்கு. ரெண்டு ஸ்கூல் பசங்களுக்கு மேத்ஸ் டியூஷன் எடுக்குறேன். இந்த வருஷ ஐ.வி.க்கு நான் வரலை மச்சி, மன்னிச்சுக்கோங்க.

உங்க வீட்லயும் பழைய டீசல் வண்டி ஒண்ணு நின்னா, இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது அப்பாகிட்ட ஒரு கேள்வி கேளுங்க. ‘டைமிங் பெல்ட் கடைசியா எப்போங்கப்பா மாத்தினது?’ அவர் யோசிக்க ஆரம்பிச்சார்னா, நாளைக்குக் காலையிலயே வண்டி பட்டறைக்குப் போகட்டும். சில வண்டிகள்ல பெல்ட்டுக்குப் பதிலா செயின் இருக்கும். அதையும் மெக்கானிக்கே சொல்லிடுவார்.

சரி, கீழே ஹாரன் அடிக்குது. மூத்தவன் கிளம்பிட்டான். அடுத்த வாரம் பார்ப்போம்!