சுவரோரம் எதை நடலாம்?

பெண்ணாடத்தில் புதுவீடு கட்டுகிறவர்கள் காம்பவுண்டு சுவரோரம் ஆண்டு முழுக்கப் பச்சை மாறாத செடி வரிசை கேட்கிறார்கள். நல்ல ஆசை. அதற்குப் பலரும் தேடிப்போனது கோனோகார்பஸ். மளமளவென வளரும், ஆனால் வேர் குழாய்களையும் வடிகாலையும் பாழாக்கும், மகரந்தம் மூச்சுக் கோளாறு தரும் என்று குஜராத் அரசு 2023இல் அதைத் தடை செய்தது. தமிழ்நாடும் பின்னர் தடை விதித்தது. இனி அந்தப் பேச்சே வேண்டாம்.

உழவாரப் படையோடு தலம் தலமாகப் போன அப்பர், தோளில் இடபக்குறியும் சூலக்குறியும் பெற்ற ஊர் பெண்ணாடம். நந்தவனம் இவ்வூருக்குப் புதிதல்ல. அங்கே வளரும் நந்தியாவட்டையும் வெட்சியும் வீட்டு ஓரத்துக்கும் பொருந்தும்.

வெட்சியை, அதாவது இட்லிப்பூவை, நட்டவர்கள் ஒரே குறைதான் சொல்கிறார்கள்: நரம்பு பச்சையாக இருக்க, இளம் இலை மஞ்சளாகிறது. உரம் போதவில்லை என்று யூரியாவைக் கொட்டுவார்கள். பெரும்பாலும் காரணம் சுவர்தான். கட்டும்போது சிந்திய சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டிவிடும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, ஒன்றரை அடிக் குழியில் கட்டட இடிபாட்டை அள்ளிவிட்டு, செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் நிரப்பி நடுங்கள். மஞ்சளான செடிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, சிறிது எலுமிச்சைச் சாறு பிழிந்து, மாலையில் இலைமேல் தெளித்தால் போதும். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. பெட்டிபோல வாராவாரம் வெட்டாதீர்கள். வெட்சி கிளை நுனியில்தான் பூக்கும்.

நந்தியாவட்டை அரைநிழலிலும் வளரும், குச்சி ஊன்றினாலே துளிர்க்கும். இலையைத் தின்னும், நீலக் கண்புள்ளி கொண்ட பச்சைப் புழுவைக் கண்டு மருந்து வாங்க ஓடவேண்டாம். அதைக் கையால் எடுத்துவிடலாம். வெயில் காயும் மேற்குப் பக்கத்துக்கு நொச்சி. கோட்டை காக்கும் வீரர் சூடிய பூ அது. வேலிக்கு அதைவிடப் பொருத்தம் வேறென்ன!

அரளியை மட்டும் வீட்டோரம் நடவேண்டாம் என்பேன். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. 2024 மே மாதம் கேரளத்தின் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை நிறுத்தியது. நெடுஞ்சாலை நடுவில் அது நிற்கட்டும். குழந்தை விளையாடும் முற்றத்தில் வேண்டாம்.

பேரூராட்சிப் பூங்காவிலும் பள்ளி வளாகத்திலும் வெட்சி, நந்தியாவட்டை, நொச்சி ஆகிய மூன்றையே நடவேண்டும். ஐப்பசி மழைக்கு முன்பே குழி எடுத்துவிடுங்கள்.

(கட்டுரையாளர், தோட்டக்கலை வல்லுநர்)