உறைந்த குளத்தில் ஓர் அணி



ஐஸ் என்றால் நமக்குக் குச்சி ஐஸ்தான். மார்கழிக் குளிரிலும் நம் ஸ்ரீமுஷ்ணம் குளத்தில் தண்ணீர் தண்ணீராகவே கிடக்கும். லடாக்கிலோ குளமே பாறைபோல் உறைந்துவிடும். அதன்மேல் வழுக்கிக்கொண்டே ஹாக்கி ஆடுகிறார்கள். காலணிக்கு அடியில் கத்திபோல் இரும்புத் தகடு. பந்து கிடையாது, ரப்பர் வட்டுதான். பக்கத்துக்கு ஆறு பேர்.

அங்கே பெண்கள் ஆட வந்தபோது, பையன்கள் ஆடி முடித்த பிறகே இடம். மட்டையும் காலணியும் இரவல். அப்படியும் 2016-இல் இந்தியப் பெண்கள் அணி முதன்முதலாகத் தைவானுக்குப் போட்டியிடச் சென்றது. ஓர் ஆட்டத்திலும் வெற்றி இல்லை.

விட்டார்களா? பொதுமக்கள் தந்த நன்கொடையோடு 2017-இல் பாங்காக் போனார்கள். பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றார்கள். அதுதான் முதல் வெற்றி! 2025-இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம். அந்தப் போட்டி நடந்தது பாலைவன நாடான ஐக்கிய அரபு அமீரகத்தில், வேடிக்கைதான், இல்லையா?

லடாக்கில் இயற்கைப் பனித்தளம் ஆண்டுக்கு இரண்டு மாதம்போலத்தான் நிற்கும். நமக்கோ மைதானம் ஆண்டு முழுவதும் இருக்கிறது. மாலையில் உங்கள் பள்ளி மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஆட இடம் கிடைக்கிறதா? பார்த்து, எங்களுக்கு எழுதுங்கள்.