தக்காளி டப்பாக்கள்

எங்கள் ஃப்ளாட்டில் இரண்டாவது மாடியில் ஒரு இளைஞர். கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். லிஃப்ட் ரிப்பேரான நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், படிக்கட்டில் சந்தித்துக்கொள்வோம். நான் மூச்சு வாங்க உட்காருவேன். அவர் மரியாதைக்கு உட்காருவார்.

போன வாரம் ஆள் சரியில்லை. முகத்தில் எண்ணெய் வழிந்தது. கையிலிருந்த செல்போனில் பழைய குத்துச்சண்டை ஓடிக்கொண்டிருந்தது. மைக் டைசன் யாரையோ கயிற்றோரம் நிறுத்திவைத்துத் துவைத்துக்கொண்டிருந்தார்.

"ஆஹா, டைசன்!" என்றேன்.

"விடுங்க சார். இந்தாள் அடிச்சது பூரா டம்மி பீஸு. நல்ல ஆள் வந்தப்ப எல்லாம் தோத்துட்டாரு. 2024ல அந்த யூட்யூப் பையன் ஜேக் பால்கிட்டகூட தோத்தாரு."

எனக்குச் சுரீரென்றது. டைசன் என் மாமன் மகன் இல்லைதான். ஆனாலும் ஒரு மனுஷன் இருபது வயசில் உலக ஹெவிவெயிட் சாம்பியனாகியிருக்கிறான். அவன் ஜெயித்ததையெல்லாம் 'டம்மி பீஸ்' என்ற இரண்டே வார்த்தையில் கழித்துவிட முடியுமா? ஒரு சாம்பியனை எடைபோட அவனிடம் அடிவாங்கியவர்களை எடைபோட்டாக வேண்டும், வாஸ்தவம். எப்படிப் போடுவது என்பதுதான் கேள்வி.

முதலில் எல்லோரும் செய்கிற காரியம், எதிராளியின் ரிக்கார்டைப் பார்ப்பது. எத்தனை ஜெயிச்சான், எத்தனை தோத்தான். இது பெரிய பொறி.

பீட்டர் மெக்நீலி என்று ஒரு ஆசாமி. 1995 ஆகஸ்டில், ஜெயிலிலிருந்து வெளியே வந்த டைசனோடு மோதிய முதல் ஆள். ரிக்கார்டைப் பார்த்தால் 36 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அடேயப்பா! டைசனைப் பயங்கரத்தில் சுற்றிக் கட்டிவிடப் போகிறேன் என்று வேறு சவால் விட்டார். மணி அடித்ததும் ஓடிவந்தார். விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். அவருடைய மேனேஜரே 'போதுமடா சாமி' என்று ரிங்குக்குள் குதித்துவிட, ஆட்டம் அம்பேல். மொத்தம் 89 விநாடி. நாம் ஒரு தம்ளர் காபியை ஆற்றுகிற நேரம்.

அந்த 36 வெற்றிகள் எங்கிருந்து வந்தன? அமெரிக்கக் குத்துச்சண்டையில் 'டொமேட்டோ கேன்' என்று ஒரு வர்க்கம் உண்டு. தக்காளி டப்பா. தட்டினால் நசுங்கும், சிவப்பாகக் கொட்டும். தோற்பதையே ஜீவனமாகக் கொண்ட ஆட்கள். வளரும் பையனின் ரிக்கார்டை வளர்க்க ப்ரோமோட்டர்கள் இவர்களை ஊர் ஊராகத் தேடிப் பிடித்து, கூலி கொடுத்து நிற்கவைப்பார்கள். மெக்நீலி பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களைச் சாப்பிட்டே கொழுத்தவர். ஆகவே விதி ஒன்று: எதிராளியின் ரிக்கார்டைப் பார்த்தால் போதாது, எதிராளியின் எதிராளிகளையும் பார்க்க வேண்டும்.

"அதைத்தானே சார் நானும் சொல்றேன், டம்மி பீஸுன்னு" என்றார் இளைஞர்.

"அவசரப்படாதேப்பா. அடுத்த மாடி இருக்கு."

அடுத்தது வயசு. 1988 ஜனவரியில் டைசன் லாரி ஹோம்ஸை நாலாவது ரவுண்டில் வீழ்த்தினார். ஹோம்ஸ் லேசுப்பட்டவர் இல்லை. 1978 முதல் 1985 வரை ஏழு வருஷம் சாம்பியன். 48 சண்டை தொடர்ந்து தோல்வி இல்லை. ஆனால் டைசனைச் சந்தித்தபோது வயசு 38. இருபத்தோரு மாசமாக ரிங் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. லிஸ்டில் 'லாரி ஹோம்ஸ்' என்ற பெயர் ஜம்மென்று இருக்கும். பெயருக்கு வயசாவதில்லை, ஆளுக்குத்தான் ஆகிறது.

இது பழைய கதை. ராக்கி மார்சியானோ 49 சண்டை, 49 வெற்றி என்று கடைசிவரை தோற்காமலே ஓய்வு பெற்றவர். அவர் லிஸ்டில் ஜோ லூயி பெயர் இருக்கிறது. எந்த ஜோ லூயி? 1937லிருந்து 1949 வரை பட்டத்தை வைத்திருந்து 25 தடவை காப்பாற்றிய மகா வீரர் இல்லை. 1951ல், 37 வயசில், வழுக்கை விழத் தொடங்கி, வரிப்பாக்கிக்காக மறுபடி கையுறை மாட்டிய லூயி. அந்த ராத்திரி ஜெயித்த மார்சியானோவே அழுதார் என்பார்கள். சின்ன வயசிலிருந்து தெய்வமாக நினைத்த ஆளையே அடித்துப்போட்டால் வேறென்ன வரும்?

"இப்ப உன் ஜேக் பாலுக்கு வருவோம். 2024 நவம்பர்ல டைசனுக்கு என்ன வயசு?"

"58 சார்."

"பாலுக்கு?"

"27."

"பால் ரிக்கார்டுல மைக் டைசனை ஜெயிச்சதா எழுதியிருக்கு. அதைப் பார்த்து யாராவது பாலை டைசனைவிடப் பெரிய ஆள்னு சொன்னா ஒத்துப்பியா?"

இளைஞர் செல்போனை அணைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆக, ஹோம்ஸ் வெற்றியைத் தள்ளுபடி செய்துவிடலாமா? இங்கேதான் இன்னொரு சமாசாரம். சண்டைக்கு முன்னால் என்ன நடந்தது என்று மட்டும் பார்க்கக் கூடாது, பின்னால் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். அதே ஹோம்ஸ் 1992ல், 42 வயசில், அதுவரை தோற்காத ஒலிம்பிக் தங்கப்பதக்கக்காரர் ரே மெர்சரை ஜெயித்தார். அதே வருஷம் சாம்பியன் ஹோலிஃபீல்டிடம் பன்னிரண்டு ரவுண்டும் நின்றார். மொத்தம் 75 சண்டை போட்டவர், ஒரே ஒரு தடவைதான் முழு நேரம் நிற்க முடியாமல் விழுந்தார். விழவைத்தவர் டைசன். கிழவர்தான், ஆனால் தக்காளி டப்பா இல்லை. அரை மார்க்காவது தர வேண்டும்.

மூன்றாவதுதான் ரொம்பப் பேரை ஏமாற்றுகிறது. சீக்கிரம் ஜெயித்தால், எதிராளி நோஞ்சான் என்று நினைத்துவிடுகிறோம்.

1988 ஜூன், அட்லாண்டிக் சிட்டி. எதிரே மைக்கேல் ஸ்பிங்க்ஸ். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் தங்கம். தொழில்முறையில் 31 சண்டை, 31 வெற்றி, இதில் தக்காளி கம்மி. ஹோம்ஸ் 49வது வெற்றிக்கு வந்து நின்றபோது, மார்சியானோ கணக்கைத் தொடவிடாமல் மறித்தவரே இவர்தான். டைசன் அவரை 91 விநாடியில் முடித்தார். ஸ்பிங்க்ஸ் அதற்கப்புறம் சண்டையே போடவில்லை. ஜனங்கள் என்ன சொன்னார்கள்? 'பயந்துட்டான்', 'அவன் லைட் ஹெவிவெயிட்லேர்ந்து சதை போட்டு வந்தவன்தானே.' இரண்டும் பொய்யில்லை. ஆனால் அதே சதை போட்ட ஸ்பிங்க்ஸ்தான் ஹோம்ஸை இரண்டு தடவை ஜெயித்தார். தட்டுத்தடுமாறி பன்னிரண்டு ரவுண்டு இழுத்து டைசன் ஜெயித்திருந்தால், 'எப்பேர்ப்பட்ட எதிராளி!' என்று ஸ்பிங்க்ஸைத் தலையில் வைத்து ஆடியிருப்போம். கஷ்டப்பட்டு ஜெயித்தால் எதிராளி பெரியவன், சுலபமாக ஜெயித்தால் எதிராளி டம்மி. நல்லா இருக்கே நியாயம்!

மற்றவர்கள் யார்? 1986 நவம்பரில் டைசன் ட்ரெவர் பெர்பிக்கிடமிருந்து முதல் பட்டத்தைப் பிடுங்கினார். அப்புறம் 1987ல் 'போன்க்ரஷர்' ஸ்மித், பிங்க்ளன் தாமஸ், டோனி டக்கர், டைரல் பிக்ஸ். பிக்ஸ் 1984 ஒலிம்பிக் தங்கம். மற்ற எல்லோரும் ஏதாவது ஒரு பட்டத்தை வைத்திருந்தவர்கள், அல்லது வைத்துத் தொலைத்தவர்கள். அந்தக் காலத்தில் பட்டம் மியூஸிகல் சேர் மாதிரி கை மாறிக்கொண்டிருந்தது. திறமை இருந்தும் உடம்பைக் கவனிக்காத தலைமுறை. ஆனாலும் அன்றைக்குக் கிடைத்தவர்களில் மேலானவர்கள் இவர்கள்தான். டைசன் யாரையும் பார்த்து ஒளியவில்லை. வரிசையாக நிற்கவைத்து முடித்து, மூன்று பட்டத்தையும் ஒன்றாகக் கட்டினார். இவர்களில் ஸ்மித்தும் டக்கரும் மட்டும் பன்னிரண்டு ரவுண்டு தாக்குப்பிடித்தார்கள். ஸ்மித் டைசனைக் கட்டிப்பிடித்தே பொழுதை ஓட்டினார். உயரமான டக்கர் இடது கையை நீட்டி நீட்டிக் குத்தினார். இந்த இரண்டாவது விஷயத்தை யாரோ ஒருவர் கவனித்துவைத்திருக்க வேண்டும்.

அந்த ஒருவர் ஜேம்ஸ் 'பஸ்டர்' டக்ளஸ்.

1990 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, டோக்கியோ. டைசன் 37 சண்டை, 37 வெற்றி. டக்ளஸ் 29 வெற்றி, நாலு தோல்வி, ஒரு டிரா. லாஸ் வேகஸில் பெரும்பாலான சூதாட்ட விடுதிகள் யார் ஜெயிப்பார் என்று பந்தயம் வாங்கவே மறுத்துவிட்டன. வாங்கிய மிராஜ் விடுதியில் டக்ளஸ் மீது ஒன்றுக்கு 42.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஜெஸ்ஸி ஃபெர்குசன் டக்ளஸை ஜெயித்தவர், அந்த ஃபெர்குசனை டைசன் ஆறு ரவுண்டில் அடித்தார். டக்கர் டக்ளஸைப் பத்தாவது ரவுண்டில் நிறுத்தியவர், அந்த டக்கரை டைசன் ஜெயித்தார். 'அ' 'ஆ'வைவிடப் பெரிது, 'ஆ' 'இ'யைவிடப் பெரிது, எனவே 'அ' 'இ'யைவிடப் பெரிது. எட்டாம் கிளாஸ் அல்ஜீப்ரா. குத்துச்சண்டை மட்டும் எட்டாம் கிளாஸ் தாண்டவில்லை.

சண்டைக்கு 23 நாள் முன்னால் டக்ளஸின் அம்மா இறந்துபோனார். டக்ளஸ் சண்டையைத் தள்ளிப்போடவில்லை. டக்கர் செய்ததையே இன்னும் கனமாக, இன்னும் நீளமாக, ரவுண்டுக்கு ரவுண்டு செய்தார். எட்டாவது ரவுண்டின் முடிவில் டைசனின் ஒரே ஒரு கும்மாங்குத்தில் கீழே விழுந்தார். ரெஃபரி ஒன்பது எண்ணுவதற்குள் எழுந்தார். பத்தாவது ரவுண்டில் டைசன் தரையில் தவழ்ந்தபடி, வாயிலிருந்து விழுந்த பல் காப்பைத் தேடிக்கொண்டிருந்தார். வேடிக்கை என்னவென்றால், ஒன்பது ரவுண்டு முடிந்தபோதும் ஒரு ஜட்ஜ் கணக்கில் டைசன் ஒரு பாயிண்ட் முந்தியிருந்தார்! கண்ணெதிரே நடப்பதைவிட ரிக்கார்டு பெரிதாகத் தெரிந்திருக்கும் போல.

அன்றைக்குத்தான் நெல்சன் மண்டேலாவும் விடுதலையானார். மறுநாள் பேப்பரில் முதல் பக்கத்தில் அவர், விளையாட்டுப் பக்கத்தில் டக்ளஸ். நான் இரண்டாவதைத்தான் நம்பாமல் இரண்டு தடவை படித்தேன்.

இப்போது டக்ளஸின் ரிக்கார்டை நிதானமாகப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. 1989ல் பெர்பிக்கை ஜெயித்திருந்தார். அதே வருஷம் ஆலிவர் மக்காலையும் ஜெயித்திருந்தார். இந்த மக்கால்தான் 1994ல் லெனாக்ஸ் லூயிஸை இரண்டாவது ரவுண்டில் தூக்கி அடித்தவர். எல்லாரும் நாலு தோல்வியை எண்ணினார்களே ஒழிய, 29 வெற்றி யார் மேல் என்று பார்க்கவில்லை. 36க்கு 1 என்று வந்த மெக்நீலி தக்காளி டப்பா. நாலு தோல்வியோடு வந்தவர் மலையைச் சாய்த்தார்.

அதே டக்ளஸ் எட்டு மாசம் கழித்து, பதினைந்து பவுண்டு ஏறி, 246 பவுண்டில் தொந்தியும் தொப்பையுமாக ஹோலிஃபீல்டிடம் மூன்றாவது ரவுண்டில் படுத்துக்கொண்டார். எது நிஜ டக்ளஸ்? இரண்டும்தான். எதிராளியின் தரம் என்பது ஆளின் தரம் மட்டும் இல்லை, அன்றைய தேதியின் தரமும்கூட.

"அப்ப டைசன் எந்தக் குறையும் இல்லாத ஆளா சார்?"

"குறை இருக்கு. ஆனா அது எதிராளி லிஸ்ட்ல இல்ல."

முகமது அலியைப் பாருங்கள். 1971ல் ஜோ ஃப்ரேஸியரிடம் தோற்றார். 1973ல் கென் நார்ட்டனிடம் தாடை உடைந்து தோற்றார். திரும்பிப் போய் இரண்டு பேரையும் ஜெயித்தார். அந்த ஃப்ரேஸியரையும் நார்ட்டனையும் இரண்டிரண்டு ரவுண்டில் நசுக்கிய ஜார்ஜ் ஃபோர்மனை 1974ல் வீழ்த்தினார். டைசன்? டக்ளஸோடு மறுபடி மோதவே இல்லை. 1996ல் ஹோலிஃபீல்டிடம் தோற்றார், 1997ல் திரும்பிப் போனார், காதைக் கடித்தார். 2002ல் லெனாக்ஸ் லூயிஸிடம் எட்டாவது ரவுண்டில் விழுந்தார். தன்னைத் தோற்கடித்த ஒருத்தரையும் அவர் திரும்ப ஜெயித்ததில்லை. என் தீர்ப்பு இதுதான்: டைசன் அடித்தவர்கள் டம்மி இல்லை. அவரை அடித்தவர்களைத்தான் அவரால் தாண்ட முடியவில்லை.

இளைஞர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விஷயம் வெளியே வந்தது. அன்றைக்கு ஆபீஸில் அப்ரைசலாம். 'நீ இந்த வருஷம் முடிச்சதெல்லாம் ஈஸி வேலைப்பா' என்று மேனேஜர் அஞ்சுக்கு மூணு போட்டுவிட்டாராம்.

"அந்த வேலையெல்லாம் உனக்கு முன்னாடி யார்கிட்ட இருந்தது?"

"ரெண்டு சீனியர் பார்த்துட்டு முடியலன்னு விட்டது சார். நான் ரெண்டு ரெண்டு நாள்ல முடிச்சேன்."

"அப்ப அது ஸ்பிங்க்ஸ் கேஸு. நீ சீக்கிரமா முடிச்சதால அவருக்கு ஈஸியாத் தெரியுது. சரி, நீ தோத்த வேலை ஏதாவது இருக்கா?"

தலையைச் சொறிந்தார். "ஒண்ணு இருக்கு சார். மார்ச்லேர்ந்து இழுத்துட்டிருக்கு. தொடவே பயமா இருக்கு."

"நாளைக்கு முதல் வேலையா அதைத் திற."

எழுந்து இரண்டு படி ஏறியவர் திரும்பினார். "அதை முடிச்சா மேனேஜர் ஒத்துப்பாரா சார்?"

"சான்ஸே இல்ல. அதையும் டம்மி பீஸும்பார்."

சிரித்துக்கொண்டே படியேறிப் போனார். எனக்கு இன்னும் ஒரு மாடி பாக்கி இருந்தது.