மாட்டு விலா... மெக்சிகோ மசாலா!

மக்களே, இந்த வாரம் நம்ம மெனு மெக்சிகோ! "விருதுநகர்ல உட்கார்ந்துக்கிட்டு மெக்சிகோ சமையலா? சாமானுக்கு எங்கடா போவ?"ன்னு ரூம்மேட் நக்கலடிச்சான். நியாயமான கேள்விதான். பதில்... தெருமுனை அண்ணாச்சி கடை!

மெக்சிகோவில் மாட்டு விலா எலும்பை மசாலாவில் ஊற வைத்து, கரி அடுப்பில் சுடுவாங்க. காய்ந்த மிளகாய், பூண்டு, சீரகம், வினிகர் சேர்த்து அரைக்கிற இந்த மாதிரி மசாலாவுக்கு அங்கே 'அடோபோ'ன்னு பேர்.

மிளகாயே அந்த ஊர்ச் சரக்குதான் பாஸ்! 1498-ல் வாஸ்கோ ட காமா வந்தபிறகு, போர்த்துக்கீசியர் கப்பல்கள் மூலமாத்தான் இந்தியாவுக்கு வந்தது. அதுக்கு முன்னாடி நம்ம காரத்துக்கு மிளகுதான். இன்னிக்கு வத்தல் வியாபாரம்னாலே விருதுநகர் பேரைத்தான் சொல்றோம். அங்கே 'காஸ்கபெல்'னு ஒரு குண்டு மிளகாய் உண்டு. கிலுகிலுப்பைன்னு அர்த்தம். ஆட்டினா உள்ளே விதை குலுங்கும். நம்ம முண்டு வத்தலைக் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க... அதே சவுண்ட்! ராமநாதபுரம் முண்டு 2023-ல் புவிசார் குறியீடே வாங்கிடுச்சு.

இப்போ ரெசிப்பி. ஒரு கிலோ விலா எலும்பு. "பாய், ரெண்டு இஞ்ச் துண்டா போட்ருங்க"ன்னு சொல்லி வாங்கணும். எட்டு முண்டு வத்தல், நிறத்துக்கு ஆறு காஷ்மீரி மிளகாய். விதையை உதறிட்டு தோசைக்கல்லில் லேசா வாட்டுங்க. கறுத்தா கசக்கும், உஷார்! சுடுதண்ணியில் இருபது நிமிஷம் ஊறட்டும். பிறகு பத்துப் பல் பூண்டு, ஒரு ஸ்பூன் சீரகம், மூணு டேபிள் ஸ்பூன் வினிகர், ரெண்டு டீஸ்பூன் உப்பு, சின்னத் துண்டு கருப்பட்டி சேர்த்து அரைங்க. அம்மி இருந்தா இன்னும் விசேஷம். அங்கேயும் 'மெட்டாட்டே'ன்னு அச்சு அசல் அம்மி மாதிரியே ஒரு கல் இருக்கு. மெக்சிகோ ஆரிகனோ கிடைக்காதேன்னு கவலையா? தொட்டியில் இருக்கிற கற்பூரவல்லியில் நாலு இலை கிள்ளிப் போடுங்க. ரெண்டிலுமே கார்வக்ரால்ங்கிற வாசனைப் பொருள் இருக்கு.

இந்த மசாலாவைத் தடவி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைங்க. ஏன் அவ்வளவு நேரம்? உப்பு மெதுவாத்தான் கறிக்குள்ளே இறங்கும். மிளகாயும் பூண்டும் பெரும்பாலும் மேலேயே நின்னுடும்.

இங்கே ஒரு சிக்கல். தமிழ்நாட்டில் 1958-ம் வருஷச் சட்டப்படி, பத்து வயசு தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாதுன்னோ, இல்லைன்னா காயம், ஊனம், தீராத நோயால நிரந்தரமா உதவாமப் போச்சுன்னோ சர்டிபிகேட் வாங்கின மாட்டைத்தான் அறுக்கலாம். பெரும்பாலும் வயசான மாடு, அதனால கறி கடினம். நேரா அடுப்பில் போட்டா ரப்பர்தான்! மசாலாவோடவே குக்கரில் அரை டம்ளர் தண்ணி விட்டு, கறி மெத்துனு ஆகிறவரை வேக விடுங்க. பிறகு மிச்சக் குழம்பைச் சுண்ட வச்சு, கறியில் தடவித் தடவிச் சுடுங்க. கடைசியில் எலுமிச்சை பிழிஞ்சா முடிஞ்சது. தொட்டுக்க... ஸாரி, கூட வச்சுக்க நம்ம பொரிச்ச பரோட்டா!

கரி? அதுவும் மெக்சிகோ கனெக்‌ஷன்தான்! வடக்கு மெக்சிகோவில் 'மெஸ்கீட்' மரக்கரியில் சுடுறது ரொம்பப் பிரபலம். நம்ம ஊர்ல மூட்டம் போட்டு எடுக்கிற சீமைக்கருவேலங்கரி, அதே குடும்பத்துச் சொந்தக்காரன். 2017-ல் மதுரை ஹைகோர்ட் கிளை வேரோட பிடுங்கச் சொன்ன அதே மரம்தான்!

சிவகாசி நண்பர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. வேலைக்குப் போட்டுட்டுப் போன சட்டையில் மருந்துத் தூள் இருக்கும். குளிச்சு, துணி மாத்தின பிறகுதான் அடுப்புப் பக்கம் வரணும். திரி, மருந்து இருக்கிற இடத்துப் பக்கமே தீ வேண்டாம்.

இதை எழுதப் போறேன்னதும் ஒரு ஃப்ரெண்ட் சொன்னான்: "மட்டன்னு போட்ரு மாப்ள, எதுக்கு வம்பு?" ஞாயிற்றுக்கிழமை தவறாம பீஃப் சாப்பிடுறவன் அவன். ஹாஸ்டல்ல மட்டும் "பரோட்டா திங்கப் போனேன்"னு சொல்லுவான். அவன் பயத்துக்கும் காரணம் இருக்கு. 2017 மே மாசம் சென்னை ஐ.ஐ.டி.யில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துக்கிட்ட ஒரு மாணவரை அடிச்சதில் அவர் கண்ணில் பலத்த காயம்.

மிளகாய் கடல் தாண்டி வந்தது. சீமைக்கருவேலமும் அப்படித்தான். யாரும் பாஸ்போர்ட் கேட்கலை! மாடும், அதைச் சாப்பிடுறவங்களும் எப்பவுமே இங்கேதான் இருக்காங்க. பிடிக்காதவங்க இதே மசாலாவை ஆட்டு நெஞ்செலும்பில் தடவுங்க, பிரமாதமா வரும். பிடிச்சவங்க... என்ன சாப்பிடுறோம்னு சத்தமாவே சொல்லிச் சாப்பிடுங்க!