இடைவெளியை யார் முடிவு செய்கிறார்கள்?

இரண்டு பேர் நின்று பேசும்போது நடுவில் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும்? எட்வர்டு டி. ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர் இதை ஆராய்ந்து 1966இல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்கர்களின் பழக்கத்தை வைத்து அவர் நான்கு தூரங்களைச் சொன்னார். ஒன்றரை அடிக்குள் குடும்பமும் மிக நெருங்கியவர்களும் வரலாம். ஒன்றரை முதல் நான்கு அடி வரை நண்பர்களுக்கு உரியது. நான்கு முதல் பன்னிரண்டு அடி வரை அலுவல் பேச்சு. அதற்கு மேல் மேடைப் பேச்சு. இந்தக் கணக்கு எல்லா நாட்டுக்கும் பொருந்தாது என்றும் அவரே சொன்னார். அரபு நாடுகளில் நெருங்கி நின்று பேசுவது இயல்பு. வட ஐரோப்பாவில் தள்ளி நிற்பது மரியாதை.

நம் டவுன் பஸ்ஸைப் பார்த்தால் நாமும் நெருக்கத்துக்குப் பழகியவர்கள் என்றுதான் தோன்றும். மூன்று பேர் உட்காரும் சீட்டில் "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று நாலாவது ஆள் இடம் கேட்பார். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால், அதே பஸ்ஸில் தோளோடு தோள் உரச வந்தவர்கள் இறங்கி நடந்தால், ஒருவர் ஊர்த்தெருவுக்கும் மற்றவர் காலனிக்கும் பிரிகிறார்கள். பஸ்ஸில் இல்லாத தூரம் தெருவில் எப்படி வந்தது?

இது ஹால் சொன்ன தூரம் அல்ல. அது மனிதருக்கு மனிதர், நேரத்துக்கு நேரம் மாறும். அந்நியராக இருந்தவர் பழகிவிட்டால் பக்கத்தில் வருவார். சாதி வகுத்த தூரம் பழகினாலும் குறையாது. நாற்று நடவும் களை பறிக்கவும் அறுக்கவும் அருகில் வேண்டும், ஆனால் அதே கைகள் வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது. வேலைக்குப் பக்கம், மரியாதைக்குத் தூரம். இதுதான் அந்தக் கணக்கு.

பழைய திருவிதாங்கூரில் இன்ன சாதியார் இன்ன சாதியாரிடமிருந்து இத்தனை அடி விலக வேண்டும் என்றே வழக்கம் இருந்தது. கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காகவே 1924இல் வைக்கம் போராட்டம் நடந்தது. பெரியார் அங்கே போய்ச் சிறைப்பட்டது நாம் அறிந்ததே. அதே 1924இல் சென்னை மாகாண சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்ட மக்களும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தெருவில் நடப்பதற்கு ஒரு தீர்மானம் தேவைப்பட்ட நாடு இது. அதற்குப் பிறகும் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் குறுக்குச் சுவர் எழுந்தது. அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது 2008இல்தான்.

2020இல் கொரோனா வந்தபோது 'சமூக இடைவெளி' என்ற சொல் ஊரெங்கும் ஒலித்தது. நோய்க்கு விலக வேண்டியது உடல்தானே, சமூகம் ஏன் விலக வேண்டும் என்று பலர் கேட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும் 'உடல் இடைவெளி' என்ற சொல்லுக்கு மாறியது. மற்ற நாடுகளுக்கு அது வெறும் சொல் திருத்தமாக இருந்திருக்கலாம். தலைமுறை தலைமுறையாகச் சமூக இடைவெளியில் வைக்கப்பட்டவர்களுக்கு அந்தச் சொல்லே வலி.

இன்று யாரும் "தள்ளி நில்" என்று வெளிப்படையாகச் சொல்வது குறைந்திருக்கிறது. அதற்குப் பதிலாக "இது எங்க ஊர் வழக்கம்", "அவங்கவங்க கலாச்சாரம்", "எங்களுக்குச் சுத்தம் முக்கியம்" என்கிறார்கள். கண்ணாடி டம்ளர் ஒருவருக்கு, பேப்பர் கப் இன்னொருவருக்கு என்று டீக்கடையில் பிரிப்பதும் சுத்தம் என்ற பெயரில் நடக்கிறது. எது பண்பாடு, எது தீண்டாமை என்று மாணவர்கள் எப்படிப் பிரித்து அறிவது?

மூன்று கேள்விகள் போதும். அந்த இடைவெளி எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்கிறதா, குறிப்பிட்ட சிலருக்கு மட்டுமா? இரண்டு தரப்பும் அதைக் கடைப்பிடிக்கிறதா, ஒரு தரப்பு மட்டும் விலக வேண்டுமா? பெயரும் தெருவும் தெரிவதற்கு முன்பு இல்லாத தூரம், தெரிந்த பிறகு வருகிறதா? கடைக்காரர் வருகிற எல்லோருக்கும் பேப்பர் கப் கொடுத்தால் அது சுத்தம். ஆளைப் பார்த்துக் கொடுத்தால் அது குற்றம்.

இரண்டாவது கேள்வியை இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தனக்கென ஓர் இடம் வேண்டும், அதற்குள் அனுமதியின்றி யாரும் வரக்கூடாது என்பது எல்லா மனிதருக்கும் உரிய உரிமை. காலனியில் இரண்டு சென்ட் மனையில் மூன்று தலைமுறை நெருக்கியடித்து வாழும் குடும்பத்துக்கு அது கிடைப்பதில்லை. வயதில் சிறியவன்கூட அங்கே வந்து பெரியவரை ஒருமையில் கூப்பிடலாம், கேட்காமல் உள்ளே எட்டிப் பார்க்கலாம். அவர்கள் பிறருக்கு இடைவெளி விட வேண்டும், அவர்களுக்கு யாரும் விட வேண்டியதில்லை. ஆகவே, தூரத்தை ஒழிக்கக் கேட்பதோடு, போதுமான வீட்டுமனையும் பட்டாவும் மரியாதையான விளிப்பும் கேட்பது ஒரே கோரிக்கையின் இரண்டு பக்கங்கள்தான்.

அரசியல் சாசனத்தின் 17வது பிரிவு தீண்டாமையை எந்த வடிவத்திலும் ஒழித்துவிட்டது. கடை, உணவகம், கிணறு, குளம், சாலை எதிலும் சாதியைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது 15வது பிரிவு. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. "ஊர் வழக்கம்" என்ற பதில் இவற்றின் முன் செல்லாது.

கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்காரும் மாணவர்கள், விடுமுறைக்கு ஊர் திரும்பும்போதும் அந்தப் பெஞ்சை மறக்காமல் இருக்க வேண்டும். நண்பனை வீட்டுக்குள் அழைத்து, வீட்டில் எல்லோரும் குடிக்கும் டம்ளரிலேயே தண்ணீர் கொடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தால் மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் அவர்களிடம் பொறுமையாகக் கேளுங்கள்.