பட்டினி கிடந்தால் கொழுக்கும் பாசி!

மனிதன் பட்டினி கிடந்தால் இளைப்பான். மாடு பட்டினி கிடந்தால் எலும்பு தெரியும். ஆனால், பட்டினி போட்டால் கொழுக்கும் உயிர் ஒன்று உண்டு. அதுதான் நுண்பாசி!

குளத்துத் தண்ணீர் பச்சை நிறமாகத் தெரிகிறது அல்லவா? பெரும்பாலும் அதற்குக் காரணம் இந்தப் பாசிகள்தான். பாசி ஒன்றுக்கு உடம்பே ஓர் உயிரணுதான். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 100 பாசிகளை வரிசையாக நிறுத்தி விடலாம். அவ்வளவு சிறியவை.

வெயில், தண்ணீர், கரியமில வாயு ஆகியவற்றோடு நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற உரச் சத்துக்களும் இவற்றுக்கு வேண்டும்.

பச்சை மஞ்சளாகிறது

நைட்ரஜனை நிறுத்தி விட்டால் என்ன நடக்கும்?

நைட்ரஜன் இல்லாமல் புரதம் இல்லை. புரதம் இல்லாமல் புதிய உயிரணு இல்லை. ஆகவே, ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகுவது நின்று விடுகிறது.

ஆனால், வெயில் நிற்பதில்லை. வெயிலைக் கொண்டு சத்துத் தயாரிக்கும் வேலை சில நாட்கள் தொடர்கிறது. அந்தச் சத்தைக் கொண்டு வளர வழி இல்லை. எனவே, அதை மாவுப் பொருளாகவும் எண்ணெயாகவும் மாற்றி, உயிரணு தனக்குள்ளேயே சேர்த்து வைக்கிறது. இந்த இரண்டுக்கும் நைட்ரஜன் தேவை இல்லை!

பச்சையத்தில் நைட்ரஜன் உண்டு. வருமானம் நின்ற குடும்பம் பண்ட பாத்திரங்களை விற்று அடுப்பு எரிப்பது போல, பாசி தன் பச்சையத்தையே உடைத்து அந்த நைட்ரஜனை எடுத்துக் கொள்கிறது. பச்சை நிறம் மஞ்சளாக மாறுகிறது.

மறுபடி நைட்ரஜன் கிடைத்தால், சேர்த்த எண்ணெயைச் செலவிட்டு மீண்டும் பச்சையாகி விடும். மழைக்காலத்துக்குத் தானியம் சேர்க்கும் எறும்புக்கு இது குறைந்ததா?

அமெரிக்காவின் முயற்சி

1973-ம் ஆண்டில் பெட்ரோலுக்குப் பெரும் தட்டுப்பாடு வந்தது. பாசியில் உள்ள எண்ணெயைக் கொண்டு வண்டி ஓட்ட முடியுமா என்று அமெரிக்கா யோசித்தது. 1978-ல் அமெரிக்க சர்க்கார் ஒரு பெரிய ஆராய்ச்சியைத் தொடங்கியது. சுமார் 3,000 பாசி ரகங்கள் சேகரிக்கப்பட்டன. நியூ மெக்ஸிகோவில் உள்ள ராஸ்வெல் என்ற ஊரில் திறந்த வெளித் தொட்டிகளில் பாசி வளர்த்துப் பார்த்தார்கள். மொத்தச் செலவு சுமார் 2½ கோடி டாலர்!

பட்டினி போட்டபோது எண்ணெய் ஏறியது உண்மை. சில ரகங்களில் உலர்ந்த எடையில் பாதி அளவுக்குக் கூட எண்ணெய் சேர்ந்தது. ஆனால், ஒரு சிக்கல் இருந்தது.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நன்றாகச் சத்துக் கொடுத்த தொட்டியில் 100 கிலோ பாசி விளைகிறது. அதில் 100-க்கு 20 பங்கு எண்ணெய் என்றால், கிடைப்பது 20 கிலோ. பட்டினி போட்ட தொட்டியில் 40 கிலோ பாசிதான் விளைகிறது. அதில் 100-க்கு 40 பங்கு எண்ணெய் இருந்தாலும், கிடைப்பது 16 கிலோதான்!

சதவிகிதம் ஏறியது, மொத்த விளைச்சல் ஏறவில்லை. இதுதான் அந்த ஆராய்ச்சி கற்றுத் தந்த பெரிய பாடம். பெட்ரோல் மலிவாகக் கிடைத்த காலத்தில், 1996-ல், சர்க்கார் அந்த வேலையை நிறுத்தி விட்டது.

வீண் போகவில்லை

ஆனாலும் பட்டினியின் பலனை வேறு இடங்களில் மனிதன் பெற்று வருகிறான். ஹெமட்டோகாக்கஸ் என்ற பாசியை முதலில் நன்றாக ஊட்டி வளர்க்கிறார்கள். பிறகு சத்தைக் குறைத்துக் கடும் வெளிச்சத்தில் விடுகிறார்கள். அது செக்கச் செவேல் என்று ஆகிறது. அந்தச் சிவப்புச் சாயம் சால்மன் மீன்களுக்குத் தீனியோடு கொடுக்கப்படுகிறது. டுனாலியெல்லா என்ற உப்புநீர்ப் பாசியோ கடும் உப்பிலும் வெயிலிலும் சத்துக் குறைவிலும் ஆரஞ்சு நிறமாகி, கேரட்டில் உள்ள கரோட்டினைத் தருகிறது.

முதலில் ஊட்டு, பிறகு பட்டினி போடு. வழி இதுதான். விலை உயர்ந்த சாயத்துக்கு இது கட்டுபடியாகிறது. மலிவாக விற்க வேண்டிய எரி எண்ணெய்க்கு இன்னும் கட்டுபடியாகவில்லை.

நாம் கேட்க வேண்டிய கேள்வி

"பாசியில் பாதி எண்ணெய்!" என்று விளம்பரங்கள் வரும். மயங்கி விடக்கூடாது. "ஒரு தொட்டியில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ எண்ணெய்?" என்று கேட்க வேண்டும். பணம் போடுகிறவர்களும் கேட்க வேண்டும். வரிப்பணத்தைச் செலவிடும் சர்க்கார்களும் கேட்க வேண்டும்.

அதற்காக ஆராய்ச்சியைக் கைவிடுவதும் தவறு. பெட்ரோல் விலை ஏறினால் தொடங்குவது, இறங்கினால் மூடுவது என்றிருந்தால் எந்த வேலையும் முடியாது. பட்டினிக் காலத்துக்கு முன்கூட்டியே சேமிக்க வேண்டும் என்பதை நாம் அறிவோம். அறிவையும் அப்படித்தான் சேமிக்க வேண்டும்.